மிளகுத் தட்டில் மூன்று ஐ.சி.க்கள்

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். முதலாளி வைத்தியநாதன் சார், வயரிங் வேலை பார்த்த அவுசேப்பு சேட்டன், நான். இல்லாதவர் ஒருவர்: வைத்தி சாரின் மருமகன் பாலு. மைக்ரோகண்ட்ரோலர் என்றால் என்னவென்று எங்களில் ஒழுங்காகத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். அவர் அப்போது துபாயில் இருந்தார். எந்த மைக்ரோகண்ட்ரோலரை எடுப்பது என்று முடிவு செய்வதற்காகத்தான் அந்தக் கூட்டம்.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன. கலூரில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆபீஸிலிருந்து பிள்ளைகள் இன்னும் எப்போதாவது கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். ஒரு சின்னக் கருவிக்காகப் பதினேழு மைக்ரோகண்ட்ரோலர்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டிருக்கிறாளாம். வேகம், நினைவகம், மின்சாரச் செலவு, விலை என்று இருபது கட்டம். "சார், உங்க காலத்துல எப்படி செலக்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "தட்டில் வைத்துக் கையால் தேய்த்துப் பார்ப்போம்" என்றேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் சித்தப்பாக்களும் கோட்டைக் கொச்சியில் சலவைத் தொழில் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 8085 என்கிற மைக்ரோபிராசஸரைப் பலகையில் வைத்துக் காட்டினார்கள். ஆறு பேருக்கு ஒரு பலகை. நான் அதைத் தொட்டது மொத்தம் நாலு தடவை. படிப்பு முடிந்ததும் மட்டாஞ்சேரியில், ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்த வைத்தி சாரின் பட்டறையில் வேலை கிடைத்தது. மகன் எஞ்சினியர் என்று அப்பா துணி எடுக்கும் எல்லா வீடுகளிலும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு என்னால் பின்வாங்க முடியவில்லை.

வைத்தி சார் பாலக்காட்டுக்காரர். முப்பது வருஷம் மிளகுத் தரகு. பட்டறையைத் தொடங்கியது பாலு. தொடங்கி எட்டு மாதத்தில் துபாயில் வேலை கிடைத்து, சாவியை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் விட்டுப்போன திட்டம் ஒன்றே ஒன்று: மிளகில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் மெஷின். மிளகு சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்; கப்பலில் ஏற்றினால் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை ஈரத்தைப் பார்க்க இருந்த ஒரே கருவி பல். ஒரு மணியைக் கடித்து, உடையும் சத்தத்தை வைத்துச் சொல்வார்கள். பாலுவின் மெஷினில் இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே மிளகைக் கொட்டினால், ஈரத்துக்கு ஏற்ப ஒரு மின்துடிப்பின் வேகம் மாறும். அந்தத் துடிப்பை எண்ணி, அட்டவணையில் பார்த்து, சிவப்பு எழுத்தில் இத்தனை சதவீதம் என்று காட்ட வேண்டும். எண்ணுவதற்கும் பார்ப்பதற்கும்தான் மைக்ரோகண்ட்ரோலர்.

பாலு ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய ஐ.சி. சில்லுகள், மூன்று புத்தகங்கள், ஒரு கடிதம். 8085, 8031, 8748 என்று மூன்று விதம், ஒவ்வொன்றிலும் இரண்டு. "மூன்றும் நல்லதுதான். ஆலோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று எழுதியிருந்தார். ஆலோசனை சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் மூன்று ராத்திரி புத்தகங்களைப் படித்து, நாலு பக்கத்துக்கு ஒப்பீடு எழுதிக்கொண்டு போனேன். வைத்தி சார் அதை வாங்கி, மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"இது அப்புறம். முதல்ல சரக்கைப் பாக்கணும்" என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் அப்படியே சொல்கிறேன். கிணற்றடியில் போய்க் கை கழுவினார். மிளகு சாம்பிள் பார்க்கும் மூன்று பித்தளைத் தட்டுகளைத் துடைத்து ஜன்னலோரம் வைத்தார். ஒவ்வொரு ஐ.சி.யிலும் எண் தெரியாதபடி அதன்மேல் மட்டும் சின்னக் காகிதத் துண்டு ஒட்டச் சொன்னார்.

"எதுக்கு சார்?" என்றேன்.

"பேரு தெரிஞ்சா கண்ணு கெட்டுப்போயிடும். வயநாடுன்னு கேட்டா வயநாடு மாதிரியே தெரியும். தரம் சொன்னதுக்கு அப்புறம்தான் நான் ஊர் கேக்கறது வழக்கமாக்கும்."

முதல் தட்டில் 8085. அது தனியாக வேலை செய்யாது. அதற்கு நினைவகம் வேண்டும், துடிப்பை எண்ணத் தனி ஐ.சி. வேண்டும், இன்னும் இரண்டு மூன்று துணை வேண்டும். பட்டறையில் கிடந்த துணை ஐ.சி.க்களை எல்லாம் எடுத்து நான் நேர்மையாகத் தட்டில் வைத்தேன். ஏழு ஆகிவிட்டது.

"என்னடா இது, மாப்பிள்ளையோட ஆத்துக்காராளும் வந்திருக்காளா?" என்றார் வைத்தி சார்.

"இதுதான் சார் நல்லது. எல்லாரும் உபயோகிக்கறது. நிறைய புத்தகம் இருக்கு" என்றேன்.

அவுசேப்பு சேட்டன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். அவர் தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளின் ரேடியோக்களைச் சரிசெய்துகொண்டிருந்தவர். "எடா செல்வா, நீ படிச்சது இது ஒண்ணுதான். அதல்லே காரணம்?"

அதுதான் காரணம்.

இரண்டாவது தட்டில் 8031. கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு. வைத்தி சார் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். மிளகை அப்படித்தான் தேய்ப்பார்கள். தோல் உரிந்தால் மட்டம். தேய்த்தால் உண்டாகும் நிலைமின்சாரம் இந்த வகை ஐ.சி.யைக் கொன்றுவிடும் என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சொன்னேன். "தேய்ச்சாலே செத்துப்போற சரக்கை வெச்சுண்டு நான் என்ன பண்ண?" என்றார். பிறகு மோந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"உள்ளே எப்படி?"

"உள்ளே பாக்க முடியாது சார். மூடினதுதான்."

"உடை."

"சார், ரெண்டுதான் இருக்கு."

"சாம்பிள்னா உடைக்கத்தானேடா."

அவுசேப்பு சேட்டன் கட்டிங் பிளேயரால் ஒரு நெருக்கு நெருக்கினார். பிளாஸ்டிக் பிளந்தது. உள்ளே இருந்த துணுக்கு தெறித்து எங்கேயோ போனது. தகரக் கால்கள் மட்டும் மிஞ்சின. வைத்தி சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே! பதர்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாவது தட்டில் 8748. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்றவற்றில் மெஷினுக்கான கட்டளைகளை வெளியே தனி ஐ.சி.யில் எழுத வேண்டும். இதில் உள்ளேயே எழுதலாம். எழுதியது தப்பானால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். அழிப்பது புற ஊதா ஒளியால். அந்த ஒளி உள்ளே போவதற்காகப் பீங்கான் முதுகில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருப்பார்கள். எழுதி முடித்ததும் அந்த ஜன்னலின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட வேண்டும்.

வைத்தி சார் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லென்ஸை வைத்தார். "டேய், உள்ளே ஒரு ஊரே இருக்குடா. தெரு தெருவா இருக்கு." லென்ஸை அவுசேப்பு சேட்டனிடம் கொடுத்தார். "எர்ணாகுளம்" என்றார் அவர் பார்த்துவிட்டு.

"இதுதான்" என்றார் வைத்தி சார். "மறைக்க ஒண்ணும் இல்லாதவன். உள்ளே இருக்கறது தெரியறது. இவனை எடுத்துக்கோ. இப்போ பேரைச் சொல்லு."

இதில் வேடிக்கை என்னவென்றால் அது சரியான தேர்வு. துடிப்பை எண்ணும் வசதி அதற்குள்ளேயே இருந்தது. எங்கள் வேலைக்கு வேண்டிய நினைவகமும் உள்ளேயே போதுமான அளவு இருந்தது. ஏழு ஐ.சி. செய்யும் வேலையை அது ஒன்றே செய்தது. என் நாலு பக்க ஒப்பீட்டில் அதை மூன்றாவது இடத்தில் போட்டிருந்தேன். பாலிடெக்னிக் படிப்பு கொடுக்காத பதிலை மிளகுத் தட்டு கொடுத்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கத்தில், ஜன்னலை மூட வேண்டும் என்கிற விஷயத்தை உரக்கச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மெஷின் செய்ய நாலு மாதம் ஆனது. அது போகட்டும். நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று மட்டும் இருக்கிறது. 8748-இல் எழுதுவதற்கு இருபத்தைந்து வோல்ட் வேண்டும். கட்டளைகளை ஒரு நாள் எழுதினேன். ஈர அட்டவணையை மறுநாள் மத்தியானம் எழுதினேன். அந்த மத்தியானம் தெருவில் மின்சாரம் தாழ்ந்துபோய், இருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்றோ என்னவோதான் இருந்தது. மீட்டரில் பார்த்தேன். எழுதிய பிறகு படித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

மெஷினை வாங்குவதாகச் சொன்னவர் ஹரிபாய் சேட். அவர் தாத்தா காலத்திலிருந்து மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம். அந்தத் தெரு வியாபாரிகளுக்காகப் பன்னிரண்டு மெஷின் எடுப்பதாகச் சொன்னார். ஆனால் முதல் மெஷின் அவர் முற்றத்தில் மூன்று வாரம் இருக்க வேண்டும். கடைசி நாள் மெஷின் சொல்வதும் கல்யாணி சேச்சி சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணி சேச்சி அந்த முற்றத்தில் மிளகு காயப்போடும் பெண்களுக்குத் தலைவி. அவள் கடித்துச் சொன்னால் அரைச் சதவீதம்கூட மாறாது என்று தெரு முழுக்கப் பேச்சு.

வியாபாரிகளுக்கு மெஷின் என்றாலே சந்தேகம். முன்பு யாரோ தராசுக்கு அடியில் காந்தம் வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். வைத்தி சார் அதைத் தெரிந்துகொண்டே விற்றார். "ஹரிபாய், மறைக்க ஒண்ணும் இல்லை. நீங்களே உள்ளே பாத்துக்கலாம்" என்று சொல்லி, பெட்டியின் மேல்மூடியில் சரியாக ஐ.சி.க்கு நேரே ஒரு துளை போடச் செய்து, அதில் கைக்கடிகாரத்தின் குமிழ்க் கண்ணாடியைப் பொருத்தினார்.

மெஷின் போகும் அன்று காலை அவர் எங்களைக் கூப்பிட்டார். "கேட்டுக்கோங்கோ. இந்தப் பன்னிரண்டு போச்சுன்னா நான் கடையை மூடிச் சாவியைத் துபாய்க்குத் தபால்ல அனுப்பிடுவேன். அவுசேப்புக்குப் படகு இருக்கு. செல்வா, நீ உன் வழியைப் பாத்துக்கணும்."

எனக்கு இருந்த வழி சலவை மூட்டைதான். அந்தத் தொழிலில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் எஞ்சினியர் என்று கேள்விப்பட்ட அதே வீடுகளின் படியில் நின்று அழுக்குத் துணியை எண்ணி வாங்க வேண்டும்.

முதல் வாரம் பிரமாதம். கல்யாணி சேச்சி பதினாலு என்றால் மெஷின் பதினாலு. அவள் பன்னிரண்டு என்றால் மெஷின் பன்னிரண்டு. மெஷின் முற்றத்தின் நடுவில், மேஜைமேல், எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. கிடங்குக்குள் வைத்து அளந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது ஹரிபாய் சேட்டின் ஏற்பாடு. வந்தவர்கள் எல்லாரும் குனிந்து கடிகாரக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது வாரம், பதினாலு என்று கல்யாணி சேச்சி சொன்ன மிளகுக்கு மெஷின் பன்னிரண்டு காட்டியது.

"மோனே, இது பச்சையாக்கும்" என்றாள் அவள். "இன்னும் ரெண்டு வெயில் வேணும். மெஷினுக்குப் பல்லு போயி."

மறுநாள் அதே மாதிரி மிளகுக்குப் பத்து. அதற்கடுத்த நாள் எட்டு. அதன் பிறகு எதை வைத்தாலும் எட்டு. ஏற்றுமதிக்குப் பதினொன்று போதும். எட்டு என்றால் தங்கம். செய்தி எப்படிப் பரவியதோ, மலையிலிருந்து வந்த மிளகு ஏஜெண்டுகள் ஹரிபாய் சேட்டின் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். எல்லாருக்கும் அந்த மெஷினில்தான் அளக்க வேண்டுமாம். ஒருவர் முந்தைய நாள் பறித்த மிளகைக் கொண்டுவந்து எட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஹரிபாய் சேட் என்னைத் தனியே அழைத்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். "தம்பி, இந்த மெஷின் விக்கும்போது கொள்ளாம், நல்லது. வாங்கும்போது கொள்ளில்லை. ரெண்டு விதம் செஞ்சு தருமோ?" என்றார். பிறகு அவரே சிரித்து, "வேண்டா. கடைசி நாள் கல்யாணி சொல்றதும் இதுவும் ஒண்ணாகலைன்னா ஸ்வாமிகிட்ட எடுத்துப் போகச் சொல்லு" என்றார். வைத்தி சாரை அவர் ஸ்வாமி என்றுதான் சொல்வார். ஏழு நாள் பாக்கி இருந்தது.

அவுசேப்பு சேட்டன் வந்து பார்த்தார். ஏதாவது வயர் விட்டிருக்கும் என்று குடைந்தார். வியர்வை வழிந்தது, தோளில் கிடந்த தோர்த்தால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, நனைந்த தோர்த்தைச் சுருட்டி மிளகு போடும் குழிக்குள் திணித்து, பொத்தானை அழுத்தினார்.

எட்டு.

"என்றெ தோர்த்து ஏற்றுமதித் தரம்!" என்று கூவினார். முற்றத்துப் பெண்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

ஐ.சி.யைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் உள்ளே இருப்பதைப் படித்து, காகிதத்தில் எழுதினேன். ஐ.சி.க்குள் எண்கள் விளக்கு வரிசைபோல இருக்கும். பதினாலு என்றால் எட்டு, நாலு, ரெண்டு ஆகிய மூன்று விளக்குகள் எரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு அணைந்தால் பன்னிரண்டு. அட்டவணையின் வேறொரு கட்டத்தில் நாலு மட்டும் அணைந்தால் பத்து. இரண்டும் அணைந்தால் எட்டு. எட்டு முதல் பதினைந்து வரை போட்டிருந்த அட்டவணை முழுக்க விளக்குகள் அணைந்திருந்தன. அணைந்திருந்த ஒன்றுகூடப் புதிதாக எரியவில்லை. எட்டு என்கிற விளக்கு மட்டும் என்ன காரணத்தாலோ பிடிவாதமாக நின்றது. நன்றாக எழுதியிருந்த கட்டளைகள் அப்படியே இருந்தன. மின்சாரம் தாழ்ந்திருந்த மத்தியானம் எழுதிய அட்டவணைதான் போயிருந்தது.

ஒரே பக்கமாகப் போகும் சேதம் என்ன என்று எனக்குத் தெரியும். கொடியில் கிடக்கும் சட்டையின் வெயில் பக்கம் வெளுக்குமே தவிரக் கறுக்காது. புத்தகத்தை எடுத்தேன். நேர் வெயிலில் ஒரு வாரம் இருந்தால் இந்த ஐ.சி. அழியலாம் என்று ஒரு வரி. மூன்று ராத்திரி படித்தபோது அந்த வரியின் கீழ் நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். காய்கிற மிளகுக்குப் பக்கத்தில், குமிழ்க் கண்ணாடிக்கு அடியில், மிளகைவிட வேகமாக எங்கள் மெஷின் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

வைத்தி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மின்சாரம் தாழ்ந்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "என்ன பண்ணணும்?" என்று மட்டும் கேட்டார்.

"மறுபடி எழுதிடறேன் சார். எழுதிட்டு ஜன்னல்மேல கறுப்பு டேப் ஒட்டணும். அவ்வளவுதான்."

"ஒட்டப்படாது."

"சார்..."

"தெரு பூரா பாத்திருக்கு. முதல் வாரம் திறந்து வெச்சேன், கணக்கு தப்பினதும் மூடினேன்னா என்ன அர்த்தம்டா? முப்பது வருஷம் நான் சொன்னதைக் கேட்டுண்டு சாக்கைத் திறக்காம வாங்கினவா இருக்கா."

இருந்தாலும் நான் டேப் ஒட்டித்தான் முற்றத்துக்குக் கொண்டுபோனேன். ஹரிபாய் சேட் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "உள்ளே என்னா வெச்சது?" என்றார். நான் விளக்கினேன். வெயில் பட்டால் எழுத்து அழிந்துவிடும் என்றேன். "வெயில் பட்டு அழியற கணக்குப்பிள்ளையை யார் வெச்சுக்குவா?" என்று நகத்தால் டேப்பை உரித்து என் கையில் கொடுத்தார்.

அவுசேப்பு சேட்டனுக்கு ஒரு யோசனை. "ஜன்னலுக்கு நேரே செத்த ஐ.சி. ஒண்ணு வெப்போம். அவங்க எர்ணாகுளம் பார்த்து சந்தோஷப்படட்டும். வேலை செய்யறதை அடியில டேப் ஒட்டி வெப்போம். யாருக்குத் தெரியும்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. வைத்தி சார் எழுந்து நின்றுவிட்டார். "மேல நல்ல மிளகு, அடியில பதர். இப்படிச் சாக்கு கட்டினவனையெல்லாம் பிடிச்சுக் குடுத்தவன்டா நான். கடையை மூடினாலும் மூடுவேன், இதைப் பண்ண மாட்டேன்."

ஆக, மூடவும் கூடாது, திறந்து வைக்கவும் முடியாது, உள்ளே கொண்டுபோகவும் கூடாது. நாலு நாள் பாக்கி. புதிதாக எழுதிய ஐ.சி.யைப் போட்டுவிட்டு, முற்றத்தில் மெஷினுக்கும் சூரியனுக்கும் நடுவில் நானே நின்றேன். வேறு வழி தெரியவில்லை. சூரியன் நகர நகர நானும் நகர்ந்தேன். மத்தியானம் சூரியன் உச்சிக்கு வந்தபோது மெஷின்மேல் குனிந்து நின்றேன். அளக்க வந்தவர்கள் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கல்யாணி சேச்சி காலால் மிளகைக் கிளறிக்கொண்டே வந்தாள். அந்த வேலை அப்படித்தான்: வெறுங்காலோடு மிளகுப் பரப்பில் வரிசை வரிசையாக நடந்து புரட்ட வேண்டும், காலை முதல் சாயங்காலம் வரை.

"எந்தா மோனே, மெஷினுக்குத் தலை சுத்துமோ?"

"வெயில் படக்கூடாது சேச்சி. மூடவும் விட மாட்டேங்கறாங்க."

"அய்யே, ஒரு குடை வெச்சா மதியல்லோ, அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். நாலு பக்க ஒப்பீடு எழுதியவன், மூன்று புத்தகம் படித்தவன். எனக்குத் தோன்றவில்லை. மேலே குடை இருந்தால் ஜன்னல் திறந்தே இருக்கும், யாரும் குனிந்து பார்க்கலாம், நேர் வெயில் படாது. குடைக்கும் மீறி வரும் வெளிச்சத்தால் எழுத்து மங்க வெகுகாலம் ஆகும். சீசனுக்கு ஒரு தடவை மறுபடி எழுதினால் போதும். அன்றைக்கே வைத்தி சாரின் சொந்தக் குடையை ஒரு இரும்புக் காலில் கட்டி மேஜைக்குப் பக்கத்தில் நட்டோம். ஹரிபாய் சேட் சுற்றிவந்து பார்த்தார். அவருக்கு ஆட்சேபம் இல்லை. மூடினால்தான் சந்தேகம், குடை பிடித்தால் கௌரவம்.

கடைசி நாள். தெருவிலிருந்து வியாபாரிகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். புது மிளகுச் சாக்கு ஒன்றைப் பிரித்துக் குழியில் கொட்டினேன். மெஷின் காட்டியதை யாரும் பார்க்காதபடி ஹரிபாய் சேட் தன் தொப்பியை எழுத்தின் முன்னால் கவிழ்த்து வைத்தார். கல்யாணி சேச்சி ஒரு மணியை எடுத்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தோம். அவள் அதைக் கடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சேட்டு, ஒரு காரியம் உண்டு."

"சொல்லு."

"மெஷினுக்கு வெயில் கொள்ளக்கூடாது, குடை. வெயில்ல மிளகு சவிட்டி நடக்கற எங்களுக்கு?"

கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள்.

"அது பின்னே பேசலாம், கல்யாணி. முதல்ல கடி."

"பின்னே எனக்குப் பல்லு வலிக்கும்."

ஒரு வியாபாரி சிரித்தார். ஹரிபாய் சேட் சிரிக்கவில்லை. கல்யாணி சேச்சி தோளில் கிடந்த தோர்த்தை எடுத்து விரித்து அவர் முன்னால் நீட்டினாள். மிளகு விலை பேசும்போது வியாபாரிகள் துணிக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் எண்ணிக்கை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியக்கூடாது. அந்தத் துணிக்குள் ஒரு கூலிக்காரப் பெண் கைவிட்டதை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஹரிபாய் சேட் வைத்தி சாரைப் பார்த்தார். வைத்தி சார் வானத்தைப் பார்த்தார்.

சேட் துணிக்குள் கையை விட்டார்.

துணி அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. சேட் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. கல்யாணி சேச்சியின் முகத்தில் ஒன்றும் இல்லை. என் பன்னிரண்டு மெஷினும் என் வேலையும் அந்தத் தோர்த்துக்கு அடியில் கிடந்தன. துணி மறுபடி அசைந்தது. ஹரிபாய் சேட் பெருமூச்சு விட்டுக் கையை வெளியே எடுத்தார்.

"பத்தொன்பது" என்றார். முற்றத்தில் பெண்கள் பத்தொன்பது பேர். "ஆனா குடைக்காசு முழுக்க ஸ்வாமி தரணும். மெஷின் கொண்டுவந்து வினை வெச்சது ஸ்வாமிதானே."

"பாதி" என்றார் வைத்தி சார், இன்னும் வானத்தைப் பார்த்தபடி.

"பாதி" என்றார் சேட்.

கல்யாணி சேச்சி மணியைப் பற்களுக்கு நடுவே வைத்தாள். டக் என்று ஒரு சத்தம். மென்றாள். துப்பினாள். இன்னொன்று எடுத்துக் கடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பதின்மூன்னு."

சேட் தொப்பியை எடுத்தார். சிவப்பில் பதின்மூன்று எரிந்துகொண்டிருந்தது. அவுசேப்பு சேட்டன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். அது ஒரு வாரம் வலித்தது.

பன்னிரண்டு மெஷினுக்கும் ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் குடையும் குடைக்காலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கினார்கள். நான் வேலையில் நிரந்தரமானேன். நான் முதலில் கேட்ட கறுப்பு டேப் ஒரு சுருள் அப்போது நாலு ரூபாய். பன்னிரண்டு ஜன்னலையும் மூடிவிட்டு மீதி இருந்திருக்கும். அதை ஒட்டாமல் விட்டதற்கு ஆனது: மெஷின்களுக்குப் பன்னிரண்டு, பெண்களுக்குப் பத்தொன்பது, ஆக முப்பத்தொரு குடை, முப்பத்தைந்து ரூபாய் வீதம், இரும்புக் கால் பன்னிரண்டு, முப்பது ரூபாய் வீதம். வைத்தி சாரும் ஹரிபாய் சேட்டுமாக எல்லாம் சேர்த்துக் கொடுத்தது ஆயிரத்து நானூற்று நாற்பத்தைந்து ரூபாய்.